ஒரு கிளிக்குக்கு ஆறு வெள்ளி

ரசத்துக்கு மூன்று காசு, விவாகரத்துக்கு ஆறு வெள்ளி. இந்த விலையை வைத்தது நானில்லை, விளம்பர நிறுவனம். ஆனால் இந்த விலையில்தான் என் வீட்டுக்கு அரிசி வந்தது, வாடகை போனது, கடைசியில் நானும் வசமாக மாட்டிக்கொண்டேன்.

என் பெயர் லோகேஸ்வரி, வயது நாற்பத்தொன்று. ஏழு வருடத்துக்கு முன்னால் நான் வேலை பார்த்த தொழிற்சாலை ஆள் குறைத்தபோது, மலேசியாவில், கிள்ளானில் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் தமிழில் ஒரு சமையல் தளம் ஆரம்பித்தேன். எழுதுவதற்கு யாரும் சம்பளம் தருவதில்லை. பக்கத்தின் ஓரத்தில் விளம்பரம் வரும், படிக்கிறவர் அதைத் தொட்டால் விளம்பரம் கொடுத்தவர் காசு கட்டுவார், அதில் ஒரு பங்கு நமக்கு. பார்த்தால் போதாது, தொட வேண்டும். என் ரசம் பக்கத்தில் குக்கர் விளம்பரம் வரும். ஒரு தொடலுக்கு மூன்று காசு. நூறு காசு சேர்ந்தால் ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட். முதல் வருடம் முழுக்க எழுதிக் கிடைத்தது நூற்று இருபது வெள்ளி. அதைக் கொண்டாட நானும் வீட்டுக்காரரும் வெளியே போய்ச் சாப்பிட்டதில் அறுபது போய்விட்டது.

பிறகு பழைய தொழிற்சாலைத் தோழி ஒருத்தி, புருஷனை விட்டு விலக வேண்டுமென்றால் எங்கே போக வேண்டும், என்ன விண்ணப்பப் பாரம் நிரப்ப வேண்டும் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லிப் பழக்கமும் இல்லை. பதிவு இலாகாவுக்குப் போய் நம்பர் எடுத்து உட்கார்ந்து, கவுண்டரில் இருந்த மலாய்க்கார அக்காவை ஒரு மணி நேரம் குடைந்து எடுத்து, எல்லாவற்றையும் சுத்தமான தமிழில் எழுதினேன். எழுதியதைத் தோழிக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். எப்படியும் எழுதியாயிற்றே என்று ரசத்துக்கும் சம்பாலுக்கும் நடுவில் தளத்திலும் போட்டேன்.

அடுத்த மாதம் அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் முந்நூற்று நாற்பது வெள்ளி வந்தது. கணக்குத்தான் தப்பாக இருக்கிறது என்று நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. குக்கர் விற்கிறவனுக்கு ஒரு ஆள் கிடைத்தால் பத்து வெள்ளி லாபம், வக்கீலுக்கு ஒரு ஆள் கிடைத்தால் ஐயாயிரம். அதனால் வக்கீல்கள் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு என் பக்கத்தில் விளம்பரம் போட்டார்கள். தமிழில் அந்த விஷயத்தைப் புரியும்படி வேறு யாரும் எழுதியிருக்கவில்லை. நான் தொடர்ந்து எழுதினேன். ஜீவனாம்சம், பிள்ளை யாரிடம் இருப்பது, வீட்டுப் பங்கு. மூன்றாவது வருடம் மாதம் நாலாயிரத்துக்கு மேல் வந்தது.

இங்கே என் முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும். அந்த விளம்பரக் கணக்கு என் பெயரில் இல்லை, என் கணவர் வாசுவின் பெயரில் இருந்தது. அவர் கேட்டு வாங்கவில்லை. ஆரம்பித்த நாளில் பாரத்தில் பெயர் கேட்டார்கள், நானே அவர் பெயரைத் தட்டினேன். எங்கள் வீட்டில் மின்சாரக் கட்டணம், தண்ணீர், கார், என் கைப்பேசி எண் வரைக்கும் எல்லாமே அவர் பெயர்தான். என் அம்மா வீட்டிலும் அப்படித்தான், அக்கா வீட்டிலும் அப்படித்தான். பாரம் என்று ஒன்று வந்தால் பெண்கள் எங்கள் கை தானாகப் புருஷன் பெயரை எழுதிவிடும். தளத்தின் பெயரை விலைக்கு வாங்கியபோதும் அவர் பெயர், பணம் வந்து விழுகிற வங்கிக் கணக்கும் அவருடையது. ஒரு தடவை பெயரைக் கொடுத்துவிட்டால் கணக்கை வேறு ஆளுக்கு மாற்ற முடியாது என்பதை நான் நாலு வருடம் கழித்துப் படித்தேன்.

வாசு போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டிக்கொண்டிருந்தார். மாதம் நாலாயிரம் வரத் தொடங்கியதும் லோரியை விட்டுவிட்டார். முதுகுவலி என்று ஊருக்குச் சொன்னார். வீட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை என் நாற்காலிக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார். குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், என்னை ஒரு கெட்ட வார்த்தை சொன்னதில்லை. அதனால்தான் யாரிடமும் எதையும் சொல்லி விளங்கவைக்க முடியவில்லை. நான் எழுதும்போது என் தோளுக்கு மேல் அவர் மூச்சு விடுவார். அதை எந்தப் பாரத்தில் எழுதுவது?

"லோகா, இந்த டிவோர்ஸ் ரொம்ப நல்லா ஓடுது லா. இன்னும் நாலு டிவோர்ஸ் எழுது," என்பார். பெண்டாட்டியிடம் என்ன கேட்கிறோம் என்ற நினைப்பே அவருக்கு வந்ததில்லை.

வாரம் ஐம்பது வெள்ளி என் கையில் கொடுப்பார். அதற்கு மேல் கேட்டால், "எதுக்கு?" என்பார். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிற மாதிரி. நான் சம்பாதித்த பணத்தில் எனக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கக் காரணம் சொல்லிச் சொல்லி, செருப்பே வேண்டாம் என்று ஆகிவிட்டது.

எனக்கு இருந்த ஒரே துணை அந்தத் தளத்தின் வரைபடம். எத்தனை பேர் எந்த நேரத்தில் வந்து படிக்கிறார்கள் என்று அதில் தெரியும். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை கோடு ஏறும். ஞாயிற்றுக்கிழமை படுத்துவிடும். புருஷன் வேலைக்குப் போன பிறகு, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, சமையலுக்கு முன்னால் படிக்கிறார்கள். கிள்ளான், செலாயாங், சிரம்பான், சுங்கை சிப்புட். ஊர் பெயர் தெரியும், முகம் தெரியாது. அந்த இரண்டு மணி நேரம் நாங்கள் எல்லோரும் ஒரே அறையில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்வேன். ஒரே வித்தியாசம், அவர்களுடைய புருஷன்கள் வேலைக்குப் போயிருந்தார்கள்.

போன வருடம் ஒருத்தி பக்கத்தின் அடியில் ஒரு கேள்வி எழுதியிருந்தாள். "அக்கா, என் ஐ.சி.யை வீட்டுக்காரர் எடுத்து வச்சுக்கிட்டார். நான் விண்ணப்பம் போட முடியுமா? வக்கீலுக்குக் காசு இல்ல." நான் பதில் எழுதினேன். பதிவு இலாகாவில் புது அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். திருமணத் தீர்ப்பாயத்துக்குப் போக வக்கீல் தேவையில்லை, நீங்களே நேரில் போகலாம். எந்தப் பாரம், எந்த மாடி என்று எல்லாம் எழுதினேன்.

மறுநாள் பார்த்தால் என் பதிலைக் காணோம். அந்த இடத்தில் 'நிர்வாகி' என்ற பெயரில், "குடும்பம்னா அப்படித்தான் சிஸ்டர். பொறுத்துப் போங்க. மேல் விவரத்துக்கு வக்கீலைப் பாருங்க" என்று இருந்தது. பக்கத்துக்குள்ளே போய்ப் பார்த்தேன். வக்கீல் இல்லாமல் நேரில் போகலாம் என்று நான் எழுதியிருந்த பத்தியும் காணாமல் போயிருந்தது.

"ஏங்க இதை எடுத்தீங்க?" என்றேன்.

வாசு பொறுமையாக விளக்கினார். அவர் எப்போதும் பொறுமைசாலி. "நீயே யோசிச்சுப் பாரு லோகா. பதில் முழுசா கிடைச்சிட்டா அந்தப் பொண்ணு படிச்சிட்டு மூடிட்டுப் போயிரும். பதில் கிடைக்கலன்னாத்தான் கீழ இருக்கிற வக்கீலை அமுக்கும். ஒரு அமுக்குக்கு ஆறு வெள்ளி. நீ ஆறு வெள்ளியை ஃப்ரீயா குடுக்கிறே."

"அவகிட்ட காசு இல்லன்னு எழுதியிருக்காளே."

"காசு இல்லாதவங்கதான் நிறைய தடவை அமுக்குவாங்க. ஒவ்வொரு வக்கீலா கேட்டுப் பார்ப்பாங்க லா."

என் எழுத்தை வைத்துப் பெண்களுக்கு வழி காட்டுகிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் அதே எழுத்தை வைத்து அவர்களை வாசலிலேயே நிறுத்திவைத்திருந்தார். அன்றைக்குத்தான் என்னையும் அந்த வாசலில் பார்த்தேன். ஐந்து வருடமாக ஒவ்வொரு படியையும் எழுதியிருக்கிறேன், ஒரு படியும் நான் ஏறவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, அவர் காரைக் கழுவக் கொண்டுபோயிருந்த நேரத்தில், ஒரு பையோடு பஸ் ஏறி ஜெஞ்சாரோமில் என் அக்கா தாமரை வீட்டுக்கு வந்துவிட்டேன். தாமரை ஏன் என்று கேட்கவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். இரண்டு நாள் கழித்துத்தான், "அடிச்சாரா?" என்றாள். இல்லை என்றேன். அவளுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது, சொந்தக்காரர்களுக்கு என்ன சொல்வாள் பாவம்.

வாசு கடவுச்சொல்லை மாற்றிவிட்டார். சரி, எழுதியது நான்தானே, தலைக்குள் எல்லாம் இருக்கிறதே என்று, தாமரையின் மகள் விட்டுப்போன பழைய மடிக்கணினியில் புதிதாக ஒரு தளம் ஆரம்பித்தேன். இந்தத் தடவை பாரத்தில் என் பெயர். லோகேஸ்வரி என்று தட்டும்போது வேறு யாருடைய பாரத்தையோ நிரப்புகிற மாதிரி இருந்தது. முப்பது பக்கத்தையும் மனதிலிருந்து எழுதினேன். வக்கீல் தேவையில்லை என்ற பத்தியை முதலில் வைத்தேன். விளம்பரத்துக்கு விண்ணப்பித்தேன்.

மறுத்துவிட்டார்கள். இந்த எழுத்து ஏற்கனவே வேறொரு தளத்தில் இருக்கிறது, நகல் எடுத்த பக்கங்களுக்கு விளம்பரம் கிடையாது என்று பதில் வந்தது. நான் என்னிடமிருந்தே திருடிவிட்டேனாம். வாக்கியங்களை மாற்றி மறுபடி விண்ணப்பித்தேன். ஒரு வழியாக ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் யார் தேடினாலும் முதலில் வருவது பழைய பக்கம்தான், என்னுடையது எங்கேயோ தேடலின் ஆறாவது பக்கத்தில் கிடந்தது. ஐந்து வருடம் நானே தூக்கி உயரத்தில் வைத்த பக்கம் என்னை மேலே வரவிடவில்லை. ஆறு மாதத்தில் புதுத் தளத்துக்கு வந்தவர்கள் முந்நூறு பேர். வருமானம் பதினோரு வெள்ளி. தாமரையோடு காலையில் நாசி லெமாக், அந்தத் தேங்காய்ப்பால் சோறு, பொட்டலம் கட்டி விற்றுத்தான் கைச்செலவைச் சமாளித்தேன்.

எட்டாவது மாதம் வக்கீலைப் பார்த்தேன். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் எந்தத் தமிழ் வக்கீலின் பெயரை யோசித்தாலும் என் பழைய பக்கத்தின் ஓரத்தில் பார்த்த பெயராகவே இருந்தது. அதில் ஒருவர் லோஜினி. பிரிக்பீல்ட்ஸில் மூன்றாவது மாடியில் அலுவலகம். யாழ்ப்பாணத் தமிழ் அம்மா, ஐம்பது வயதிருக்கும், மூக்கின் நுனியில் கண்ணாடி. கதையைக் கேட்டுவிட்டு முதலில் அவர் கேட்டது, "அந்தத் தளத்தை நீங்களா எழுதினீங்கள்? நான் யாரோ ஒரு ஆம்பிளை எண்டெல்லோ நினைச்சனான். கீழ வாசு எண்டு பெயர் போட்டிருக்கே."

"பேர் அவருது, எழுத்து என்னுது மேடம்."

"நிரூபிக்கேலுமோ?"

யோசித்தேன். வரைவு எதுவும் என்னிடம் இல்லை. எல்லாம் அவர் கணினியில், அவர் பெயரில் இருந்தது. நிரூபிக்க முடியாது என்றேன். லோஜினி பேனாவை மூடி வைத்துவிட்டு, இரண்டு பேரும் சம்மதித்துக் கூட்டாக மனுப் போட்டால் சில மாதத்தில் முடியும், ஒருவர் மட்டும் போட்டால் இரண்டு மூன்று வருடம் இழுக்கும் என்றார். எனக்குத் தெரியும். என் பக்கங்களில் ஏழாவது அது. வாசுவைக் கூப்பிட்டுப் பேசிப் பார்க்கலாம் என்றார். சரி என்றேன்.

அடுத்த வாரம் வாசு அதே அலுவலகத்துக்கு வந்தார். தேய்த்த சட்டை, கையில் ஒரு நீலக் கோப்பு. ஆள் கொஞ்சம் மெலிந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார், எனக்கும் பழக்கதோஷத்தில் சிரிப்பு வந்துவிட்டது. அதற்காக என்னையே அறைய வேண்டும் போலிருந்தது.

"டிவோர்ஸ் தானே மேடம், நான் கையெழுத்து போடறேன். நோ ப்ராப்ளம்," என்றார். "அவங்க சந்தோஷமா இருக்கட்டும். நான் ஒண்ணுதான் கேக்கிறேன். ரெண்டு வருஷத்துக்கு மாசம் ரெண்டு பக்கம் எழுதித் தரணும். தலைப்பெல்லாம் நானே குடுத்திருக்கேன்."

கோப்பிலிருந்து இரண்டு தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். ஒன்று ஒப்பந்தம், இன்னொன்று இருபத்துநாலு தலைப்புகள். எட்டு மாதமாக என்னைக் காணோமே என்று இந்த மனிதர் தவித்தது உண்மை. தவித்தது பெண்டாட்டிக்காக இல்லை, எழுதுகிற ஆளுக்காக. ஒப்பந்தத்தில் நாலாவது வரி இப்படி இருந்தது: பக்கங்களில் முழு வழிமுறை கொடுக்கக்கூடாது, மேல் விவரத்துக்கு வக்கீலை நாடும்படி முடிக்க வேண்டும்.

லோஜினி அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கும் அந்தப் பக்கத்திலிருந்துதான் ஆள் வருகிறது, அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். தாளைக் கீழே வைத்துவிட்டு, "நான் உங்கட வக்கீல், அதால சொல்றன். கெதியா விடுதலை வேணுமெண்டால் இதுதான் சுருக்கமான வழி. முடிவு உங்கட கையில," என்றார்.

தலைப்புகளைப் படித்தேன். முதல் தலைப்பு: 'கணவர் கையெழுத்துப் போட மறுத்தால் மனைவி என்ன செய்யலாம்?'

இருபத்துநாலு மாதம். சாயங்காலம் உட்கார்ந்து இதையெல்லாம் எழுதி, ஒவ்வொன்றிலும் பாதியில் நிறுத்தி, செலாயாங்கிலோ சிரம்பானிலோ காலை பத்து மணிக்குப் படிக்கிறவளை நடுவழியில் விட்டுவிட்டு, அதற்குக் கூலியாக என் விடுதலை. கணக்குப் பார்த்தால் மலிவுதான். தனியாகப் போட்டால் இன்னும் மூன்று வருடம் பொட்டலம் கட்ட வேண்டும். பேனாவைக் கையில் எடுத்ததும் உண்மை.

"இதுக்குப் பதில் எனக்குத் தெரியும்," என்று தலைப்பைக் காட்டினேன். "மறுத்தா அவ தனியா மனுப் போடலாம். மேடம், எனக்குத் தனி மனுவே போடுங்க. இவர் கையெழுத்து வேணாம்."

வாசு திகைத்துவிட்டார். "லோகா, மூணு வருஷம் ஆகும். நீ தாங்க மாட்டே லா."

"எவ்வளவு ஆகும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் எழுதினதைப் படிச்சுத்தானே?"

அந்த நிமிடம் எனக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது. மறைப்பானேன். லோஜினி புதுத் தாளை எடுத்து என் அடையாள அட்டை எண்ணைக் கேட்டு எழுதிக்கொண்டார். இரண்டு கையெழுத்து வாங்கினார். என் பெயரை எழுதினேன்.

வெளியே வந்து லிப்டுக்குள் நுழைந்தபோது வாசுவும் வந்து ஏறினார். நாங்கள் இரண்டு பேர் மட்டும். கதவு மூடியது. அவர் கைப்பேசியை என் பக்கம் நீட்டினார்.

"கோவிச்சுக்காத லோகா. ஒண்ணே ஒண்ணு. தீர்ப்பாயம் பக்கத்தைப் புதுசாக்கணும்னு நானே கம்ப்யூட்டர்ல போட்டு மாத்தினேன். சரியா வரல போல, எனக்குப் புரியல. கொஞ்சம் பாரேன்."

குரலில் கெஞ்சல் இருந்தது. பதினாறு வருடத்தில் அவர் என்னிடம் கெஞ்சியது அதுதான் முதல் தடவை. நான் பார்த்திருக்கக்கூடாது. பார்த்தேன். இரண்டாவது வரியில், 'தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்கக் கணவரின் கையெழுத்தும் கட்டாயம் தேவை' என்று இருந்தது. தப்பு, முழுத் தப்பு. பக்கத்தின் மேல் மூலையில் இன்றைக்குப் படித்தவர்கள் எண்ணிக்கை நூற்றுப் பன்னிரண்டு என்று காட்டியது. நூற்றுப் பன்னிரண்டு பேர், புருஷன் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு என்று நம்பி, கைப்பேசியை மூடி வைத்துவிட்டுச் சமைக்கப் போயிருப்பார்கள். நாளைக்கு இன்னொரு நூறு பேர் வருவார்கள்.

விட்டால் அவர்கள் கெட்டார்கள். திருத்தினால் வாசு பிழைத்தார்.

நான் கைப்பேசியை வாங்கினேன். 'கட்டாயம் தேவை' என்பதை அழித்து, 'தேவையில்லை, மனைவி தனியாகவே விண்ணப்பிக்கலாம்' என்று எழுதினேன். பழைய லிப்டு ஊர்ந்து ஊர்ந்து இரண்டாவது மாடியைத் தாண்டியது. அதற்குக் கீழே இன்னொரு வரியும் தப்பாக இருந்தது, அதையும் திருத்தினேன். சேமித்துக் கொடுத்தேன்.

வாசு படித்துக்கூடப் பார்க்கவில்லை. "தேங்ஸ் லா," என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். முகம் தெளிந்துவிட்டது. "அடுத்த வாரம் இன்னொண்ணு அனுப்பவா? தப்பு இருந்தா மட்டும் சொல்லு."

கதவு திறந்தது. நான் இறங்கி நடந்தேன். அனுப்புவார். தப்பு இருக்கும், வேண்டுமென்றே வைக்காவிட்டாலும் இருக்கும். திருத்தாமல் என்னால் இருக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.